பூசி மறைக்காதிருங்கள்



மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அந்நாட்களில் நம்முடைய சிறிய வீடுகளின் குளியலறைச் சுவர்களிலும் கூரையிலும் கரும்புள்ளிகள் தோன்றுவதை நீங்கள் அறிவீர்கள். வீட்டு ஜெபக்கூட்டம் நம் இல்லத்திற்கு வருகிற முறையானால், அவசரமாய் டிஸ்டெம்பர் வாங்கி அவற்றின்மேல் பூசிவிடுகிறோம். வருகிறவர்கள் கண்களுக்குச் சுவர் வெண்மையாய்த் தெரிகிறது. சில வாரங்களுக்குள் புள்ளிகள் திரும்பி வருகின்றன. பிள்ளையின் இருமலும் இளைப்பும் தீர்ந்தபாடில்லை.

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். வீட்டுச் சுவரில் பச்சையும் சிவப்புமான தோஷம் காணப்பட்டால் செய்யவேண்டியது அங்கே வரிசையாய்ச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆசாரியன் பார்வையிடுகிறான், வீடு ஏழு நாள் அடைக்கப்படுகிறது, பழுதான கற்கள் பெயர்க்கப்படுகின்றன, உட்புறம் சுரண்டப்படுகிறது. அதன்பின்னரே புதிய சாந்து பூசப்படுகிறது. அந்தத் தோஷம் நம் வீட்டுப் பூஞ்சைதானா என்று வாதிக்க வேண்டியதில்லை. பூசுவது கடைசியில் வருகிறது என்பதைக் கவனித்தால் போதும்.

பூஞ்சைக்கு ஈரமே ஜீவன். வெந்நீரின் ஆவி குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிறது. மழைக்காலக் காற்று அதை உலரவிடுவதில்லை. ஆகவே முதலாவது ஈரத்தின் காரணத்தைக் கண்டறியுங்கள். தண்ணீர் தெறிக்காத ஓரிடத்தில், சுவரைத் துடைத்து உலர்த்தி, ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர் கோர்த்தால் கசிவு சுவருக்குள் இருக்கிறது. அதை வீட்டு உரிமையாளரிடம் எழுத்து மூலமாய்த் தெரிவியுங்கள். அது சரிசெய்யப்படும்வரை எந்தப் பெயிண்டும் நிலைக்காது. வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால் காரணம் ஆவியே.

சுத்தம் செய்யும்போது ஜன்னலைத் திறந்து, முகத்தையும் கைகளையும் மூடிக்கொள்ளுங்கள். இளைப்பு உள்ளவர்கள் அருகில் வரவேண்டாம். ஒரு லிட்டர் நீரில் சுமார் 60 மில்லி பிளீச் திரவம் கலந்து தேய்த்துக் கழுவுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டை அதனுடன் ஒருபோதும் சேர்க்காதிருங்கள். உயிருக்கு ஆபத்தான குளோரின் வாயு உண்டாகும். பின்பு உரிந்த பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, சுவரை முற்றிலும் உலரவிடுங்கள்.

பெயிண்ட் அடிக்க, மழை ஓய்ந்து சுவர் காய்ந்த காலமே ஏற்றது. டிஸ்டெம்பர் ஈரத்தை உறிஞ்சும்; குளியலறைக்கு அது ஆகாது. வெள்ளை சிமெண்ட் பட்டி, அதன்மேல் பிரைமர், அதன்மேல் பூஞ்சைத் தடுப்பு சேர்ந்த, சற்றுப் பளபளப்புள்ள அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட்டுகள் அடியுங்கள். டப்பாவில் குறித்துள்ள இடைவெளி நேரத்தைக் குறைக்காதிருங்கள். நல்ல பெயிண்டும் பூஞ்சையைத் தாமதப்படுத்துமேயன்றி, ஈரம் நீடித்தால் தடுக்காது. ஆகையால் குளித்தபின் அரைமணி நேரம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். சுவரைத் துணியால் துடையுங்கள். ஈரத்துணிகளை அங்கே உலர்த்தாதிருங்கள். வாளியில் குளிர்ந்த நீரை முதலில் நிரப்பி, பின்பு வெந்நீர் சேர்த்தால் ஆவி குறையும்.

“பதினொரு மாத ஒப்பந்த வீட்டிற்கு இவ்வளவு பிரயாசம் எதற்கு?” என்பீர்களோ? அந்தப் பதினொரு மாதமும் உங்கள் பிள்ளை சுவாசிப்பது அந்த வீட்டின் காற்றையல்லவா?

பிள்ளையின் சுகத்திற்காக முழங்காலில் நிற்கிறோம், நிற்கவே வேண்டும். மருத்துவரிடமும் காட்டுங்கள். ஜெபித்து எழுந்தபின் அந்தச் சுவரையும் சுரண்டுங்கள். மறைத்த கறை வீட்டிலும் சரி, உள்ளத்திலும் சரி, ஒருநாள் வெளியே வந்தே தீரும். கர்த்தர் உங்கள் இல்லத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.