பால்மரம் துளிர்க்கும் காலமும் சின்னஞ்சிறு குழந்தைகளும்



வசந்த காலம் என்று பாட்டிலும் கதையிலும் கேட்கிறோம். நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்து, சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றார்கள். ஜப்பானில் செரி மரம் பூப்பதும், ஐரோப்பாவில் பனி உருகிப் புல் முளைப்பதும் வசந்தந்தான். ஆனால் நம் ஜொகூர் மாநிலம் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருக்கிறது. குளுவாங் பட்டணம் ஏறத்தாழ 2 பாகை வடக்கே உள்ளது. இங்கே பனியும் இல்லை, பனி உருகுவதும் இல்லை. பகல் பொழுதின் நீளங்கூட ஆண்டு முழுதும் சில நிமிடங்களே கூடிக் குறைகிறது. அப்படியானால் நம் குழந்தைகளுக்கு வசந்தமே கிடையாதா என்று கேட்கக்கூடும்.

உண்டு. அது வீட்டு வாசலிலேயே, நிரை நிரையாக நிற்கிறது. பால்மரம் இலையுதிர்த்துத் துளிர் விடுகிற காலந்தான் ரப்பர்த் தோட்டத்தின் வசந்தம்.

தென் அமெரிக்காவின் அமேசான் காட்டிலிருந்து வந்த மரம் இது. 1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் 22, அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. இத்தனை தூரம் வந்தும் மரம் தன் பழக்கத்தை விடவில்லை. மூன்று நான்கு வயதைத் தாண்டிய மரம், மழைக்காலம் முடிந்து வெயில் தொடங்கியதும் ஆண்டுதோறும் இலையை உதிர்த்துவிடும். வடக்கே கெடாவில் கோடை கடுமை. அங்கே மரங்கள் ஏறக்குறைய ஒரே மூச்சில் மொட்டையாகிவிடும். ஜொகூரில் அவ்வளவு ஒழுங்கு இல்லை. ஒரு மரம் மொட்டையாக நிற்கும். பக்கத்து மரம் செம்புத் தகடுபோலத் துளிர்த்திருக்கும். அடுத்தது இன்னும் பழுப்பு இலையோடு நிற்கும். குழந்தைக்குக் காட்டுவதற்கு இதைவிட வசதி வேண்டுமா? பல வாரக் கதையை ஒரே நிரையில் காட்டிவிடலாம்.

இந்த மாதங்கள் வீட்டுக்குச் சுலபமானவை அல்ல என்பதை நான் மறக்கவில்லை. தை வரை அடைமழை, வெட்டுக்குப் போக முடியாது. மழை விட்டதும் இலையுதிர்வு. புதுத் தளிருக்குத் தன் சேமிப்பையெல்லாம் மரம் செலவிடுவதால் பால் குறைந்துவிடும். கையில் காசு சுருங்கும். ஆனால் வேலை குறைவதால் தாய்க்கோ தகப்பனுக்கோ சற்று நேரம் மிஞ்சுவதும் இதே மாதங்களில்தான். அந்த நேரத்தில் ஒரு கால்மணியைக் குழந்தைக்குக் கேட்கத்தான் இந்தப் பேச்சு. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றியே இங்கு பேசுகிறேன். இந்த வயதுக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது என்பது கிடையாது. அது தொட்டு, முகர்ந்து, தட்டி, கேட்டு, வாயில் வைத்துத்தான் உலகத்தைத் தெரிந்துகொள்கிறது. அது தொட்ட பொருளுக்கு நாம் அந்த நேரத்திலேயே ஒரு பெயர் சொன்னால், பொருளும் பெயரும் சேர்ந்து மனத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஆறு வயதில் பள்ளிக்கூட வாசலில் ஒரு குழந்தை வாயடைத்து நிற்பதற்கும், இன்னொரு குழந்தை கலகலவென்று பேசுவதற்கும் இந்த வயதில் காதில் விழுந்த பேச்சு ஒரு பெரிய காரணம். கைத்தொலைபேசியைக் கையில் கொடுத்துவிட்டால் குழந்தை சத்தமில்லாமல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டி குழந்தைக்குப் பதில் சொல்வதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டலில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும், அதற்கும் குறைவானால் நல்லது என்றும் சொல்லியிருக்கிறது.

இனி இலைக்கு வருவோம். தமிழில் இலைக்கு ஒரு பெயர் அல்ல. அரும்பும்போது கொழுந்து, விரியும்போது தளிர், முற்றினால் இலை, நிறம் மாறினால் பழுப்பு, காய்ந்து விழுந்தால் சருகு. மனிதனுக்குக் குழந்தை, பிள்ளை, இளைஞன், கிழவன் என்று சொல்வதுபோல. இந்த ஐந்தையும் ரப்பர் நிரையில் ஒரே வாரத்தில் குழந்தையின் கையில் கொடுக்க முடியும். புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இவை வெறும் சொற்கள். தோட்டத்துப் பிள்ளைக்கோ இவை கையில் பட்ட பொருள்கள். பட்டணத்துப் பிள்ளைக்கு இல்லாத செல்வம் இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எப்படித் தொடங்குவது? ஒரு கூடை சருகு பொறுக்கி வாருங்கள். பொறுக்கப் போவது பெரியவர் வேலை. குவிந்து கிடக்கும் சருகைக் கையால் அள்ளாமல் முதலில் குச்சியால் கிளறுங்கள். அடியில் பூரானோ தேளோ பாம்போ இருக்கலாம். அள்ளியதை நன்றாக உதறி, வெயிலில் காயவைத்து, அஞ்சடியில் ஒரு பழைய பாயில் கொட்டுங்கள். குழந்தையைக் கழுவிய காலோடு அதன்மேல் நடக்க விடுங்கள். மொரமொரவென்று ஓசை வரும். முதலில் திகைக்கும், உங்கள் முகத்தைப் பார்க்கும். நீங்கள் சிரித்து, 'சருகு, மொரமொர' என்று சொன்னால் மறுபடி மிதிக்கும். பிறகு நிறுத்தவே நிறுத்தாது. கையால் நொறுக்கட்டும், தலைக்குமேல் அள்ளி வீசட்டும். பாய் குப்பையாகும், அதனாலென்ன!

மறுநாள் அல்லது இரண்டு நாள் கழித்து ஒரு தளிர் கொண்டு வாருங்கள். பால்மரத்தின் ஒவ்வொரு காம்பிலும் மூன்று இலைகள் சேர்ந்து இருப்பது உங்களுக்குத் தெரியும். தளிராக இருக்கும்போது அவை செம்பு நிறமாக, தூங்கும் குழந்தையின் கைபோலத் துவண்டு தொங்கும். ஒரு கையில் சருகு, மறு கையில் தளிர் கொடுங்கள். இது மொரமொர, இது வழவழ. அவ்வளவே பாடம். கன்னத்தில் தடவிக் காட்டுங்கள். கண்ணை மூடித் தொடச் சொல்லுங்கள். தளிரைக் கிள்ளிய இடத்தில் பால் வடியும். அதைத் துடைத்துவிட்டுக் கொடுங்கள். கண்ணில் பட்டால் எரியும், சட்டையில் பட்டால் கறை போகாது என்பதை வெட்டுக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மொரமொர, வழவழ, சொரசொர, சலசல என்றெல்லாம் நாம் பேசுவதை இலக்கணத்தில் இரட்டைக்கிளவி என்பார்கள். தொல்காப்பியத்திலேயே இதற்கு இலக்கணம் சொல்லப்பட்டிருக்கிறது. குழந்தைக்கு இந்தச் சொற்கள் மிகவும் பிடிக்கும். ஒரே ஓசை இரண்டு முறை வருவதால் வாயில் எளிதாக வரும். ஓசையே பொருளையும் காட்டிவிடும். 'தாத்தா', 'மம்மம்' என்று பேச்சைத் தொடங்கும் குழந்தைக்கு இவை இயல்பான அடுத்த படி. ஆகவே கூச்சப்படாமல் சொல்லுங்கள். காற்றடித்தால் சலசல, தகரக் கூரையில் மழை விழுந்தால் சடசட, பலாத்தோல் சொரசொர. ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும். ஆனால் அதே சொல்லை அன்றைக்குப் பத்து முறை சொல்லுங்கள்.

தளிரோடு சேர்ந்து சிறிய மஞ்சள் பூக்களும் வரும். அப்போது நிரைக்குள் ஒரு மெல்லிய மணம் நிற்கும். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு காலையில் ஒரு நடை போய் 'மோந்து பார்' என்று சொல்லுங்கள். தேனீக்களின் ரீங்காரமும் கேட்கும். தேனீ பூவுக்குத்தான் வருகிறது என்று நினைப்போம். பால்மரத்தில் மூன்று இலைகளும் காம்பில் கூடும் இடத்தில் இனிப்பு நீர் சுரக்கும் சிறு சுரப்பிகள் உண்டு; பெரும்பாலும் அதற்காகவே அவை வருகின்றன. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர்போனது. அங்கே ரப்பர்த் தோட்டங்களில் பெட்டி வைத்து, துளிர்க்கும் காலத்தில் தேன் எடுக்கிறார்கள். தேன் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவுவதுகூட வேண்டாம். அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து, அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கிவிடும்.

செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்கள் என்ன செய்வது? செம்பனை இப்படி மொட்டையாவதில்லை. அதன் மட்டையில் முள்ளும் உண்டு. இன்று ஜொகூரில் ரப்பர் இருந்த இடங்கள் பலவற்றில் செம்பனைதான் நிற்கிறது. அங்கே வீட்டோரத்து மாமரத்தையும் முருங்கையையும் கோயில் வேம்பையும் நாடுங்கள். மாந்தளிரும் செம்பு நிறந்தான். கசக்கினால் மாங்காய் மணம். கறிவேப்பிலை, எலுமிச்சை இலை, பாண்டான் இலை மூன்றையும் தனித்தனியாகக் கசக்கி மூக்கருகே காட்டினால் குழந்தையின் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குடியிருப்புக்குப் பெயர்ந்து வந்து அடுக்குமாடியில் வாழ்பவர்களும் இதைச் செய்ய முடியும்.

துளிர்ப்பதை வீட்டுக்குள்ளேயே காட்டவும் வழி உண்டு. ஒரு சிரட்டையில் நனைந்த துணியை வைத்து, அதன்மேல் ஊறிய பச்சைப் பயறு பத்துப் பதினைந்தைப் பரப்புங்கள். ஓரிரு நாளில் வெள்ளை வால் எட்டிப் பார்க்கும். சின்னக் குழந்தைக்குப் பொறுமை கிடையாது. மாங்கொட்டை நட்டால் அது மறந்தே போய்விடும். பயறு மறப்பதற்குள் முளைத்துவிடுகிறது. தண்ணீர் தெளிப்பதைக் குழந்தையின் வேலையாக விட்டுவிடுங்கள், விரலால் சொட்டவிட்டால் போதும். ஆனால் பக்கத்தில் இருங்கள். பயற்றை மூக்கில் நுழைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

இப்படி அருகில் கிடைக்கும் பொருளைக் கொண்டு கற்பிப்பது ஏழைகளுக்கான குறுக்கு வழி அல்ல. இத்தாலிய மருத்துவர் மரியா மொண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர்க்காலத்தில் கோடைக்கானலிலும் தங்கி, அங்கே குழந்தைகளோடு செடிகொடிகளைக் கொண்டு பணியாற்றினார். புலன்கள் வழியாகவே குழந்தையின் அறிவு வளர்கிறது என்பது அவர் கொள்கை. அவர் வழியைப் பின்பற்றிய தாராபாய் மோடக் அம்மையார், 1945-இல் மகாராட்டிரத்து போர்டி கிராமத்துக்குப் போய் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். விலையுயர்ந்த மரச் சாமான்களுக்குப் பதிலாக இலை, விதை, கூழாங்கல், கிளிஞ்சல் இவற்றையே விளையாட்டுச் சாமான் ஆக்கினார். நம் ஆயாக்கொட்டகையில் ஒரு கூடையும் ஒரு பாயும் இருந்தால் அதுவே போதும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவற்றையும் சொல்ல வேண்டும். களைக்கொல்லி அடித்த நிரையிலிருந்து எதையும் பொறுக்காதீர்கள். பாரகுவாட் மருந்தை 2020 சனவரி முதல் மலேசியாவில் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் மற்ற மருந்துகளும் நஞ்சே. பழைய போத்தல் எங்காவது மூலையில் இருந்தால் குழந்தையின் கைக்கு எட்டவிடாதீர்கள். பாலை உறையவைக்கும் அமிலத்தைச் சர்பத் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் எங்கே இருந்தாலும் இன்றோடு ஒழியட்டும். மங்குகளில் நிற்கும் மழைநீரில் கொசு முட்டையிடும். அவற்றைக் கவிழ்த்துவிட்டே குழந்தையை அந்தப் பக்கம் கொண்டுபோங்கள். தண்ணீர் விளையாட்டு என்று வாளியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகக் கூடாது. ஒரு சாண் தண்ணீரும் ஆபத்துதான். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு ஏறும். விளையாட்டு முடிந்ததும் சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கள். சருகைக் கொளுத்திப் புகை போடவும் வேண்டாம். பிஞ்சு நெஞ்சுக்கு அது ஆகாது.

கடைசியாக ரப்பர் கொட்டை. இப்போது பூத்த பூ காயாகி முற்ற ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும். ஆகஸ்டு, செப்டம்பர் வெயிலில் காய் படீரென்று வெடித்து, மூன்று கொட்டைகளையும் தூர வீசும். அந்தச் சத்தத்தைக் கேட்கக் குழந்தையோடு திண்ணையில் உட்காருங்கள். கொட்டையின் மேலுள்ள புள்ளியும் கோடும் தாய்மரத்துக்குத் தாய்மரம் வேறுபடும். ஒரே மரத்துக் கொட்டைகள் ஒரே மாதிரி இருக்கும். இரண்டரை வயதுப் பிள்ளை உங்கள் மடியில் உட்கார்ந்து, இரண்டு மரத்துக் கொட்டைகளை இரண்டு சிரட்டையில் பிரித்துப் போட்டுவிடும். ஆனால் பச்சைக் கொட்டையின் பருப்பில் நஞ்சு உண்டு; தொண்டையில் சிக்கவும் கூடும். எண்ணிக் கொடுங்கள், விளையாட்டு முடிந்ததும் எண்ணி வாங்கி, டின்னில் போட்டு மூடி உயரத்தில் வைத்துவிடுங்கள். பெரிய அண்ணன்மார் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கித் தம்பியின் தொடையில் வைப்பார்கள். அதையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.