நிகழ்பட ஆட்டங்களில் பாத்திர முரண்

பாத்திர முரண் என்பது, கதையை மையமாகக் கொண்ட நிகழ்பட ஆட்டம் (வீடியோ கேம்) ஒன்றில் ஒரு கதைமாந்தர் தம் இயல்புக்கும் கதையில் முன்பு நடந்தவற்றுக்கும் பொருந்தாத வகையில் பேசுவதும் செயல்படுவதும் ஆகும். நாவல், நாடகம், திரைப்படம் ஆகியவற்றிலும் இக்குறை காணப்படுகிறது. ஆனால் நிகழ்பட ஆட்டத்தில் கதைமாந்தரை இயக்குபவர் ஆட்டக்காரர். கதைமாந்தர் என்ன பேசுவார் என்பதை எழுத்தாளர் தீர்மானிக்கிறார். என்ன செய்வார் என்பதைப் பெரும்பாலும் ஆட்டக்காரர் தீர்மானிக்கிறார். இவ்விரண்டையும் இணைக்கத் தவறும்போது, தனித்தனியே நன்றாக எழுதப்பட்ட உரையாடல்கள்கூடப் பொய்யாகத் தோன்றும்.

மாற்றமும் முரணும்

கதைமாந்தர் மாறுவது குறையன்று. அச்சம் மிக்கவர் துணிவு பெறுவதும், நண்பர் பகைவராவதும் கதைக்குச் சுவை சேர்ப்பவை. மாற்றத்திற்கான காரணம் கதைக்குள் காட்டப்பட்டால் அது வளர்ச்சி. அடுத்த காட்சிக்குத் தேவைப்படுகிறது என்பதற்காக மட்டும் கதைமாந்தர் மாறினால் அது முரண். எச்சரிக்கை மிக்கவர் எனக் காட்டப்பட்ட ஒருவர், பொறி என்று தெரிந்தும் தனியாக அங்கே செல்வது இதற்கு எளிய எடுத்துக்காட்டு. அங்கே அவரைச் செலுத்துவது அவருடைய மனம் அன்று, கதையின் அவசரம்.

முரண் தோன்றும் வழிகள்

1. செயலும் கதையும் மோதுதல்: 2007இல் வெளிவந்த பயோஷாக் ஆட்டத்தைப் பற்றி எழுதிய வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங், இம்முரணுக்கு 'லூடோநரேட்டிவ் டிசோனன்ஸ்' என்று பெயரிட்டார். தமிழில் இதை ஆட்ட-கதை முரண் எனலாம். அந்த ஆட்டத்தின் விதிகள் தன்னலத்தோடு வலிமை சேர்க்க ஆட்டக்காரரை அழைக்கின்றன. கதையோ பிறருக்கு உதவும்படி அவரைக் கட்டாயப்படுத்துகிறது என்பது அவருடைய வாதம். 2013இல் வந்த டூம் ரைடர் ஆட்டத்திலும் இதைக் காணலாம். முதன்முறை ஒருவரைக் கொல்ல நேரும்போது லாரா கிராஃப்ட் நிலைகுலைந்து போகிறாள். சிறிது நேரத்திலேயே ஆட்டக்காரர் அவளைக் கொண்டு பலரைச் சுட்டு வீழ்த்துகிறார். அழுத பெண்ணும் சுடும் பெண்ணும் ஒருவரே என்று நம்புவது கடினமாகிறது.

2. தேர்வுச் சொல் ஏமாற்றுதல்: 2011இல் வெளியான எல்.ஏ. நுவார் ஆட்டத்தில் கோல் ஃபெல்ப்ஸ் என்னும் துப்பறிவாளர் சாட்சிகளை விசாரிக்கிறார். 'ஐயம்' என்ற பொருள் தரும் தேர்வை அழுத்தினால், அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரெனச் சீறுவார். உருவாக்கத்தின்போது அத்தேர்வுக்கு 'வற்புறுத்து' என்ற பொருளுடைய பெயர் இருந்தது. நடிப்பும் அதற்கேற்பவே பதிவு செய்யப்பட்டது. பின்னர் சொல் மட்டும் மாறியது. 2017இல் வந்த மறுபதிப்பில் அது 'கெட்ட போலீஸ்' என்று மாற்றப்பட்டது. ஒரே ஒரு சொல் பொருந்தாததால் நிதானமான அதிகாரி மனநிலை தடுமாறியவரைப் போலத் தோன்றினார்.

3. நீண்ட தொடரின் முடிவு: மாஸ் எஃபெக்ட் தொடரின் மூன்று பகுதிகள் 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. ஆட்டக்காரர் எடுத்த முடிவுகள் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குத் தொடர்ந்தன. எனவே தம் முடிவுகளுக்குத் தனித்தனி விளைவு கிடைக்கும் என்று பலரும் எதிர்பார்த்தனர். மூன்றாம் பகுதியின் இறுதியில் கிடைத்த தேர்வுகள் பெரிதும் ஒன்றுபோலவே இருந்ததால் எதிர்ப்பு எழுந்தது. பயோவேர் நிறுவனம் அதே ஆண்டு சூன் மாதத்தில் விரிவுபடுத்திய முடிவை இலவசமாக வெளியிட்டது.

இந்திய, தமிழ்ச் சூழல்

புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனத்தின் 'ராஜி: ஆன் ஏன்சியன்ட் எபிக்' 2020இல் வெளிவந்தது. அரக்கர்களால் கவர்ந்து செல்லப்பட்ட தம்பி கோலுவைத் தேடும் ராஜி என்ற பெண்ணின் கதை இது. துர்க்கையும் திருமாலும் கதையைச் சொல்லிச் செல்கின்றனர். 2017இல் நடந்த மக்கள்நிதி திரட்டல் இலக்கை எட்டாத நிலையிலும் சிறிய குழு இதை முடித்தது. ஓவிய அழகும் கட்டடக் காட்சிகளும் பாராட்டப்பட்டன. முடிவு திடீரென வந்துவிடுகிறது என்ற குறையும் கூறப்பட்டது. தம்பியைத் தேடுவதே நாயகியின் ஒரே நோக்கமாக இருக்கும்போது, முடிவு அவசரப்பட்டால் அவளுடைய பயணம் முழுவதும் மெலிந்து விடுகிறது.

கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் உருவாக்கிய 'வெண்பா' 2023 சூலையில் வெளிவந்தது. 2024இல் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருதையும் பெற்றது. 1980களில் கனடாவில் குடியேறிய வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை இது. ஆட்டக்காரர் செய்வது சமைப்பதும் உரையாடலைத் தேர்ந்தெடுப்பதும் மட்டுமே. சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டில் விடுபட்டவற்றை ஊகித்து இட்லி முதலிய உணவுகளைச் செய்ய வேண்டும். தாயின் குறிப்பை மீட்க முயலும் பெண் என்ற பாத்திரமும், அதை மீட்க முயலும் ஆட்டக்காரரின் செயலும் இங்கே ஒன்றாகின்றன. ஆட்டம் மிகக் குறுகியது என்ற குறை சொல்லப்பட்டாலும், வெண்பாவின் இயல்பைக் குலைக்கும் செயல் எதையும் அது ஆட்டக்காரரிடம் கேட்பதில்லை.

தமிழ்க் கதைகளை ஆட்டமாக்குதல்

எடப்புளி நாடு உள்ளிட்ட பல நாடுகளைக் கொண்ட கொல்லிமலை, சங்க காலத்தில் வல்வில் ஓரி ஆண்ட மலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவன் ஓரி. அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை ஊடுருவியதைப் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் பாடியுள்ளார். இக்கதையை ஆட்டமாக்க விரும்புவோருக்கு வில்லாற்றலைக் காட்டுவது எளிது. சிக்கல் கொடையில் உள்ளது. வழியில் கிடக்கும் பொற்காசுகளையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து ஆயுதம் வாங்குவது பல ஆட்டங்களின் வழக்கமான விதி. அவ்விதியை அப்படியே வைத்தால், உரையாடலில் வள்ளலாக இருப்பவன் ஆட்டத்தில் காசு சேர்ப்பவனாகி விடுவான். பாணர்க்குக் கொடுப்பதால் ஆற்றலோ புதிய வழியோ கிடைக்கும்படி விதியை அமைத்தால், ஆட்டக்காரரின் கை செய்யும் செயலே ஓரியின் இயல்பைச் சொல்லும்.

முரணைத் தவிர்க்கும் முறைகள்

* ஒவ்வொரு கதைமாந்தருக்கும் பாத்திரக் குறிப்பேடு எழுதுதல்: அவர் விரும்புவது, அஞ்சுவது, ஒருபோதும் செய்யாதது ஆகியவை அதில் இடம்பெறும்.
* ஆட்ட விதிகளை வகுக்கும்போதே எழுத்தாளரையும் குழுவில் சேர்த்தல்.
* தேர்வுச் சொல்லையும் அதற்குப் பின் வரும் உரையாடலையும் அருகருகே வைத்துச் சரிபார்த்தல்.
* கதை தெரியாதவர்களை விளையாடச் செய்து, "இவர் ஏன் இப்படிச் செய்தார்?" என்று கேட்டல். கதைக்குள்ளிருந்து விடை சொல்ல இயலாத இடங்களே திருத்த வேண்டிய இடங்கள்.