கொல்லைப்புறத்துப் பாம்பும் கொசுவலையும்

வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் தீயணைப்பு நிலையங்களுக்கு வரும் அழைப்புகள் பலவற்றில் தீ இருக்காது, பாம்பு இருக்கும். மோட்டார் அறையில் ஒன்று, ஸ்கூட்டரின் முன்பெட்டிக்குள் ஒன்று, வாசலில் கழற்றிப்போட்ட ஷூவுக்குள் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையின் தென்புறநகர்களில் தண்ணீரோடு பாம்புகளும் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தன. ஏரிக்கரைகளையும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் ஒட்டி மனை போட்ட இடங்களில் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வளையில் தண்ணீர் புகுந்தால் பாம்பு மேட்டைத் தேடும். அங்கே மேடு என்று இருப்பது நம் வீடுதான்.

புற்றில் இருந்தால் பால் ஊற்றுகிறோம், புழக்கடைக்கு வந்தால் தடி எடுக்கிறோம். இரண்டாலும் பயனில்லை. பால் பாம்பின் உணவல்ல. அடிக்கப் போகிறவர்களில் பலர் கடிபட்டுத் திரும்புகிறார்கள்.

ஆனாலும் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 உயிர்கள். பெரும்பாலானவர்கள் கிராமத்தவர்கள். இறப்புகளில் ஏறக்குறைய பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரை, நாட்டின் பெரும்பகுதியில் மழையும் விவசாய வேலையும் ஒன்றுசேரும் மாதங்களில் நிகழ்கிறது.

நான்கு பேர் மட்டும்

தமிழ்நாட்டுத் தோட்டங்களில் கண்ணில் படும் பாம்புகளில் பெரும்பாலானவை மனிதனைக் கொல்லும் விஷம் இல்லாதவை. சாரைப்பாம்பு இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்து பார்ப்பவரை நடுங்க வைக்கும், ஆனால் அதற்கு விஷமே கிடையாது. எலி பிடிப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. எலிக்காய்ச்சல் பரவும் ஊரில் சாரையை அடித்துக் கொல்வது காவல்காரனை நாமே விரட்டுவதற்குச் சமம். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிவதைப் பார்க்கும் என்ற கதையைக் கேட்காத கிராமத்துப் பிள்ளை இல்லை. அது பல்லியும் தவளையும் தின்று பிழைக்கும் விஷமற்ற பாம்பு. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும் அவதூறுதான்.

உயிரிழப்புகளில் பெரும்பங்குக்குப் பொறுப்பானவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நல்ல பாம்பு படமெடுத்து எச்சரிக்கும். கண்ணாடி விரியன் குக்கர் விசில்போலச் சீறும். சுருட்டை விரியன் உருவில் சிறியது, உடலைச் சுருட்டிச் செதில்களை உரசி ஓசை எழுப்பும். மூன்றும் 'போய்விடு' என்று சொல்லிப் பார்க்கின்றன. நான்காவது சொல்வதில்லை.

வலியே இல்லாத கடி

பகலில் கட்டுவிரியனைப் பார்த்தால் சோம்பேறிபோலச் சுருண்டு கிடக்கும். இரவில் அது வேறு பிறவி. எலியையும் பல்லியையும் பிற பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் நுழையும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் தூக்கத்தில் புரளும்போது கை அதன்மீது விழ, கடித்துவிடும்.

பல்லின் தடம் பெரும்பாலும் தெரியாது. வீக்கம் இருக்காது. எறும்போ கொசுவோ என்று நினைத்துத் தூங்கிவிடுவார்கள். விடியற்காலையில் வயிற்றுவலி, தொண்டையில் அடைப்பு, இமைகளைத் திறக்க முடியாத நிலை, பேச்சுக் குழறல் என்று வரிசையாக வரும். நரம்பைத் தாக்கும் இந்த விஷம் கடைசியில் மூச்சுத் தசைகளை முடக்குகிறது. சரியான நேரத்தில் செயற்கைச் சுவாசம் கிடைத்தால் பிழைத்துவிடலாம். இரவு தரையில் படுத்தவர் காலையில் காரணமில்லாத வயிற்றுவலியோடு கண் சொருகி எழுந்தால் சோடாவும் ஓமத்தண்ணீரும் கொடுத்துப் பொழுதைக் கடத்தாதீர்கள். பாம்புக்கடியாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

இதற்கு மலிவான தடுப்பு கொசுவலை. கட்டிலில் படுத்தாலும் தரையில் படுத்தாலும் வலையின் ஓரங்களைப் படுக்கைக்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால் பாம்பு உள்ளே வராது. நேபாளத்தின் தாழ்நிலப் பகுதியில் நடந்த ஆய்வும் கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குக் கடி குறைவு என்றே கண்டது. கொசுவுக்காக வாங்கும் வலை இரண்டு வேலை செய்கிறது.

எலிக்கு இடம் கொடுக்காதீர்கள்

பாம்பு விரட்டி என்று பூண்டுக் கரைசல், பினாயில், கந்தகம், பூச்சி உருண்டை எனப் பலதும் பேசப்படுகின்றன. இவை பாம்பைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. வாசலில் பினாயில் ஊற்றிய நிம்மதியில் கொல்லையில் குவிந்த தேங்காய் மட்டையை மறந்துவிடுவதுதான் இதன் கெடுதல்.

தவிட்டு மூட்டை, நாய்க்கு வைத்து மீந்த சோறு, கோழிக்கூண்டில் சிந்திய தீவனம் எல்லாம் எலிக்கு விருந்து. எலி வந்தால் பாம்பு வரும். விறகு, செங்கல், பழைய ஓடு போன்றவற்றைச் சுவரை ஒட்டிக் குவிக்காமல், தரையிலிருந்து உயர்த்தித் தள்ளி அடுக்கலாம். கதவின் அடியில் சுண்டுவிரல் நுழையும் சந்து போதும், குட்டிப்பாம்பு வந்துவிடும். குளியலறைத் தண்ணீர் வெளியேறும் குழாய் வாய்க்குக் கம்பிவலை, கதவடிக்கு ரப்பர் பட்டை, ஜன்னலில் உரசும் கொடிக்கு ஒரு வெட்டு. செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும். செடிகளுக்கு மூடும் நைலான் வலையைத் தரையில் கிடக்க விடாதீர்கள். சாரைகள் அதில் சிக்கி அறுபட்டுச் சாகின்றன, விடுவிக்கப் போனவர் கடிபடுகிறார்.

இருட்டில் டார்ச் இல்லாமல் கொல்லைக்குப் போகும் பழக்கம் இன்னும் போகவில்லை. செல்போன் வெளிச்சமாவது இருக்கட்டும். விறகு எடுக்கும்போதும் இலைக்குப்பை அள்ளும்போதும் முதலில் கோலால் தட்டிவிட்டுக் கை வையுங்கள். ஷூவை உதறிவிட்டுக் காலை நுழையுங்கள்.

வீட்டுக்குள் வந்துவிட்டால்

தோட்டத்தில் போகும் பாம்பைப் போக விடுவதே நல்லது. அறைக்குள் இருந்தால் குழந்தைகளையும் நாயையும் வெளியேற்றி, மற்ற அறைக் கதவுகளை மூடி, அடிச்சந்தில் துணியைத் திணித்துவிட்டு, தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று ஒருவர் கண்காணிக்க வேண்டும். தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112. வனத்துறையையும் அழைக்கலாம். வீடியோ எடுப்பதற்காக வாலைப் பிடித்துத் தூக்கும் தெருமுனை வீரர்களைக் கூப்பிடாதீர்கள். அடித்துப் போட்ட பாம்பையும் தொடக் கூடாது: வெட்டிய தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும்.

கடித்தபின் முதல் அரை மணி

கயிறு கட்டுவது, கீறி இரத்தம் எடுப்பது, வாயால் உறிஞ்சுவது, சிறியாநங்கையை அரைத்துக் கொடுப்பது ஆகிய எதுவும் உதவாது. இறுகக் கட்டிய கயிறு காலையே பறித்துவிடலாம். மந்திரத்தால் பிழைத்தவர் கதை ஊருக்கு ஊர் இருக்கிறதே என்றால், அவர்களைக் கடித்தது விஷமற்ற பாம்பாக இருக்கலாம். விஷப்பாம்பும் சில நேரம் விஷத்தை இறக்காமலே கடிக்கும். மந்திரவாதிக்கு அந்தப் பெருமை போய்ச் சேர்கிறது.

செய்ய வேண்டியது சிறிது. கடிபட்டவரை நடக்கவிடாமல் உட்கார வையுங்கள். மோதிரம், மெட்டி, வளையல், கொலுசைக் கழற்றுங்கள், வீங்கினால் வெட்டி எடுக்க நேரும். கடிபட்ட கை, காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல மட்டையோ கட்டையோ வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டி, 108ஐ அழையுங்கள். வாந்தி வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டாம். நம் நாட்டில் தரும் விஷமுறிவு மருந்து அந்த நான்கு பாம்புக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது, மருத்துவர் அறிகுறிகளை வைத்தே சிகிச்சை தருவார்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் இரத்தம் உறையும் தன்மை கெடும். ஒரு கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். சிறிய மருத்துவமனையிலும் செய்யக்கூடிய சோதனை இது. கண்ணாடி விரியன் கடியில் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். விஷமுறிவு மருந்தால் சிலருக்கு ஒவ்வாமை வரும் என்பதால் அதை மருத்துவமனையில் மட்டுமே ஏற்ற வேண்டும். அறிகுறி ஏதும் இல்லையென்றாலும் ஒரு நாள் கண்காணிப்பில் இருப்பது அவசியம்.

இருளர் தந்த மருந்து

விஷமுறிவு மருந்துக்கான விஷம் பெரும்பாலும் வருவது செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியிலிருந்து. பாம்பியல் ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாட்டின் மருந்து நிறுவனங்களுக்கு விஷம் வழங்கும் முதன்மை இடமாக இருந்துவருகிறது. பாம்புகளை மண்பானைகளில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். இருளர் பழங்குடியினரான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. அதன்படி அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டுமே ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த ஊரில் எவ்வளவு மருந்து தேவை என்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்த மழைக்கு முன்பாக உங்கள் பகுதியில் விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாச வசதியும் உள்ள அரசு மருத்துவமனை எது, நள்ளிரவில் அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று விசாரித்து, வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.