அந்தரத்தில் முன்சக்கரம்: வீலிங் சாகசத்தின் இயற்பியலும் சட்டமும்

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கி, பின்சக்கரத்தில் மட்டும் வண்டியைச் செலுத்துவது வீலிங் எனப்படுகிறது. முன் பிரேக்கை இறுக்கிப் பின்சக்கரத்தை எழுப்பினால் அது ஸ்டாப்பி. வண்டியை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தைச் சுழலவைத்து டயரைப் புகையவிட்டால் அது பர்ன்அவுட். சென்னையின் காமராஜர் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தொடங்கி, மாவட்டத் தலைநகரங்களின் புறவழிச்சாலைகள் வரை இந்த மூன்றும் பரவியிருக்கின்றன. புத்தாண்டு இரவில் சென்னையின் மேம்பாலங்களைக் காவல்துறை மூடிவைப்பது வழக்கமாகிவிட்டதற்கு பைக் ரேஸும் இத்தகைய சாகசங்களும் முக்கியக் காரணம். ஆனால் இவற்றைப் பற்றிய பொதுப்பேச்சு, இளங்கன்று பயமறியாது என்ற அனுதாபத்துக்கும் வண்டியைப் பறித்து உள்ளே தள்ள வேண்டும் என்ற கோபத்துக்கும் இடையிலேயே நின்றுவிடுகிறது. சக்கரம் எழும்போது வண்டியில் என்ன நிகழ்கிறது, சட்டம் அதை எந்தக் குற்றமாகக் கருதுகிறது, யார் பார்ப்பதற்காக அது செய்யப்படுகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் தண்டனை எங்கே பலிக்கும், எங்கே வீணாகும் என்பது விளங்கும்.

சக்கரம் எழும் விதம்

வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் ஒரே இடத்தில் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளிக்கு ஈர்ப்பு மையம் என்று பெயர். சாதாரண மோட்டார் சைக்கிளில் ஒருவர் அமர்ந்திருக்கும்போது இந்தப் புள்ளி, பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சுமார் 65 சென்டிமீட்டர் முன்னாலும், தரையிலிருந்து ஏறத்தாழ அதே அளவு உயரத்திலும் இருக்கும். எஞ்சின் பின்சக்கரத்தை உந்தும்போது வண்டி முன்னே பாய்வதோடு, பின்சக்கரத்தை அச்சாகக் கொண்டு பின்புறமாகச் சாயவும் முயல்கிறது. அந்தச் சாய்வை எடை தடுத்து நிறுத்துகிறது. மேற்சொன்ன அளவுகளின்படி, வேகவளர்ச்சி புவியீர்ப்பு முடுக்கத்துக்கு, அதாவது விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் என்ற அளவுக்கு, நெருங்கினால்தான் முன்சக்கரம் தானாக எழும்.

கல்லூரி மாணவர்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் 150 முதல் 200 சிசி வண்டிகளின் எஞ்சினுக்கு அவ்வளவு உந்துவிசை கிடையாது. ஆகவே அந்தக் குறையை ஓட்டுபவர் வேறு வழிகளில் ஈடுகட்டுகிறார். முதல் கியரில் கிளட்சை அழுத்தி எஞ்சினை உறுமவிட்டு, இடக்கை விரல்களைச் சட்டென்று விடும்போது, சுழன்றுகொண்டிருந்த உறுப்புகளில் சேர்ந்திருந்த ஆற்றல் ஒரே உதறலாகப் பின்சக்கரத்துக்குச் செல்கிறது. அதே நொடியில் அவர் ஹேண்டில்பாரை இழுத்தபடி உடலைப் பின்னுக்குச் சாய்ப்பதால் ஈர்ப்பு மையமும் பின்னால் நகர்ந்துவிடுகிறது. இந்த முறைக்கு ‘கிளட்ச் அப்’ என்று பெயர். அப்படி எழுந்த வண்டி, ஈர்ப்பு மையம் பின்சக்கரத்தின் தொடுபுள்ளிக்கு நேர் மேலே வரும் சமநிலைப் புள்ளியை அடைந்துவிட்டால், அதன்பின் மிகக் குறைந்த ஆக்சிலரேட்டரே போதுமானது. அந்தப் புள்ளியைச் சற்றுத் தாண்டினாலும் வண்டி ஓட்டுபவரின் மேல் மல்லாந்துவிடும் என்பதால், வலக்கால் பின் பிரேக்கின் மேலேயே காத்திருக்க வேண்டும். அந்த மிதியைத் தொட்டால் முன்பகுதி கீழே இறங்கும். இத்தனை நுட்பமான கைகால் ஒருங்கிணைப்பு கைவர நெடுநாள் பயிற்சி தேவை என்பதும், இது ஒரு திறமை என்பதும் மறுக்க முடியாதவை.

திறமையால் மீட்க முடியாத இழப்புகள்

எவ்வளவு தேர்ந்த கையானாலும், முன்சக்கரம் அந்தரத்தில் இருக்கும் வரை மூன்று வசதிகள் வண்டியில் இல்லாமற்போகின்றன என்பதே பொதுச்சாலையில் வீலிங் செய்வதன் அடிப்படைச் சிக்கல். முதலாவதாக, ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் தரையைத் தொடாத சக்கரத்தால் வண்டியின் திசையை மாற்ற முடியாது. உடலைச் சாய்த்துச் சற்றே விலகலாமே தவிர, குறுக்கே வருபவரைத் தவிர்க்கும் அளவுக்குத் திரும்ப இயலாது. இரண்டாவதாக, மோட்டார் சைக்கிளை நிறுத்தும் விசையின் பெரும்பங்கு முன் பிரேக்கிலிருந்தே வருகிறது. அது இப்போது பயனற்றுக் கிடக்கிறது. மூன்றாவதாக, எழுந்து நிற்கும் பெட்ரோல் டேங்கும் முகப்பும் நேர் எதிரே இருக்கும் சாலையை மறைத்துவிடுகின்றன. இரவானால் முகப்பு விளக்கு வானத்தை நோக்குவதால், எதிரே வருபவருக்கும் அந்த வண்டி எவ்வளவு தொலைவில், எந்த வேகத்தில் வருகிறது என்பது பிடிபடாது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு எதிர்வினையாற்ற ஒரு விநாடி என்று கொண்டு, உலர்ந்த சாலையில் இரு பிரேக்குகளையும் நன்றாகப் பயன்படுத்தினால், வண்டி சுமார் 37 மீட்டரில் நிற்கும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் அந்தத் தூரம் 57 மீட்டரை எட்டிவிடும். வீலிங்கில் இருப்பவர் முதலில் முன்சக்கரத்தை இறக்கியாக வேண்டும் என்பதால், அதற்குச் செலவாகும் அரை விநாடி மேலும் 8 மீட்டரைத் தின்றுவிடுகிறது. இறங்கும் நேரத்தில் சக்கரம் ஓட்டத் திசைக்கு நேராக இல்லாவிட்டால் ஹேண்டில்பார் இருபுறமும் கட்டுக்கடங்காமல் உதறி ஓட்டுபவரைத் தூக்கியெறியும். ஒவ்வொரு முறையும் முன்பகுதி தரையில் மோதுவதால் ஃபோர்க் ஆயில் சீல் கசிவதும், கோன் செட் தேய்வதும், கிளட்ச் பிளேட் கருகுவதும் பட்டறைகளில் தெரியவரும் பின்விளைவுகள். அப்படித் தளர்ந்த வண்டிதான் மறுநாள் அன்றாடப் போக்குவரத்திலும் ஓடுகிறது.

திடலும் சாலையும்

இதே சாகசம் முறைப்படி நடைபெறும் திடல்களில் நிலைமை வேறு. அங்கே வண்டிகளைச் சுற்றிப் பாதுகாப்புக் கம்பிக்கூடு பொருத்தப்பட்டிருக்கும், வண்டி மல்லாந்துவிடாமல் தடுக்கப் பின்புறத்தில் ஒரு கம்பி நீண்டிருக்கும், கால் மிதியை விட்டு விலகிய நிலையிலும் பின் பிரேக்கைப் பிடிப்பதற்காக ஹேண்டில்பாரில் தனி லீவர் வைக்கப்பட்டிருக்கும், பார்வையாளர்கள் தடுப்புக்கு அப்பால் நிற்பார்கள், ஆம்புலன்ஸ் காத்திருக்கும். வேகப் போட்டிகளுக்கும் தமிழ்நாட்டில் நெடிய மரபு உண்டு. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தியது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம் திறக்கப்பட்டது. கோவையை ஒட்டிய செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இயங்குகிறது.

திடலில் விழுபவர் தாம் ஏற்றுக்கொண்ட ஆபத்துக்குத் தாமே விலை கொடுக்கிறார். சாலையிலோ அந்த விலையைக் கொடுக்கச் சம்மதிக்காதவர்களும் சூழ்ந்திருக்கிறார்கள். எதிரே வரும் வண்டி தன் தடத்திலேயே வரும், சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்கும், குறுக்கே வந்தால் பிரேக் பிடிக்கும் என்று ஒருவரையொருவர் நம்பித்தான் முன்பின் அறியாதவர்கள் ஒரே சாலையைப் பயன்படுத்துகிறார்கள். வீலிங் செய்பவர் மற்ற எல்லோரிடமும் அந்த நம்பிக்கையை எதிர்பார்த்துக்கொண்டு, தம் பங்கை மட்டும் கொடுக்க மறுக்கிறார். பள்ளி விட்டுச் சாலையைக் கடக்கும் சிறுவனுக்கும் இரவுப் பணி முடித்து ஸ்கூட்டரில் திரும்பும் பெண்ணுக்கும் அவருடைய திறமையின் அளவை மதிப்பிட்டு ஒதுங்கும் வாய்ப்பு கிடையாது.

பார்வையாளருக்காகச் செய்யப்படும் குற்றம்

சாகசத்தின் உந்துதல் எங்கிருக்கிறது என்பதற்கு உளவியலில் ஒரு தடயம் உண்டு. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 306 பேரை மூன்று வயதுக் குழுக்களாகப் பிரித்து, கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆடவைத்தார்கள். தனியாக ஆடியவர்களைவிட நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஆடியவர்கள் அதிக ஆபத்தை மேற்கொண்டார்கள் என்பதும், இந்த வேறுபாடு பதின்வயதினரிடமும் இளைஞர்களிடமும் பெரியவர்களிடம் இருந்ததைவிட வலுவாகக் காணப்பட்டது என்பதும் அதில் தெரியவந்தன. முன்பு தெருமுனையில் நின்ற நாலைந்து நண்பர்களோடு முடிந்த இந்தப் பார்வையாளர் கூட்டம், ரீல்ஸ் வந்தபின் கைப்பேசிக்குள் எல்லையின்றி விரிந்துவிட்டது. வீலிங் செய்யும் வண்டிக்கு இணையாக, பின்னிருக்கையில் ஒருவர் கேமராவைப் பிடித்திருக்க, மற்றொரு வண்டி ஓடுவது இக்காட்சிகளில் வழக்கம் என்பதால், சாலையில் ஆபத்தும் இரட்டிப்பாகிறது.

2023-இல் நிகழ்ந்த இரு சம்பவங்கள் இந்தக் காட்சிப் போட்டி எதுவரை செல்லும் என்பதைக் காட்டின. அவ்வாண்டு செப்டம்பரில், லட்சக்கணக்கானோர் பின்தொடரும் யூடியூபர் ஒருவர் காஞ்சிபுரம் அருகே சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் வீலிங் செய்ய முயன்று வீசியெறியப்பட்டார். விலையுயர்ந்த பாதுகாப்பு உடை அவரைக் காப்பாற்றியது. ஜாமீன் மனுவை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், அவரைப் பார்த்து அதையே செய்யத் துணிபவர்களுக்கு அத்தகைய உடை இருக்காது என்பதைக் கவனத்தில் கொண்டு முதலில் ஜாமீனை மறுத்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் பத்தாண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது. அதே ஆண்டு தீபாவளியையொட்டித் திருச்சி அருகே நெடுஞ்சாலையில், வண்டியின் முன்புறம் வாணவெடிகளைக் கட்டி, அவை வெடித்துச் சிதறிக்கொண்டிருக்கும்போதே முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டிய காணொளி பரவியதும், அதில் தொடர்புடைய இளைஞர்களைக் காவல்துறை கைது செய்தது.

சட்டம் வழங்கும் பெயர்கள்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் வீலிங் என்ற குற்றம் தனியாக வரையறுக்கப்படவில்லை. அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயம் அல்லது வேகச் சோதனையில் ஈடுபடுவதைத் தடுக்கும் 189-ஆம் பிரிவு, 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்க வழிசெய்கிறது; ஆனால் ஒருவர் தனியாகச் செய்யும் வீலிங்கைப் பந்தயம் என்று நிறுவுவது எளிதன்று. ஆகவே அபாயகரமாக ஓட்டுவதைப் பற்றிய 184-ஆம் பிரிவே முதன்மையாகக் கைகொடுக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட இப்பிரிவு, திறனும் கவனமும் உள்ள ஓட்டுநரிடம் எதிர்பார்க்கத்தக்க தரத்திலிருந்து வெகுவாகத் தாழ்ந்து, ஆபத்து வெளிப்படையாகத் தெரியும் விதத்தில் ஓட்டுவதையும் உள்ளடக்குகிறது. முதல் முறை குற்றத்துக்கு 6 மாதத்துக்குக் குறையாத, ஓராண்டு வரையிலான சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் சிறை இரண்டாண்டு வரை நீளலாம். இதனுடன், பொதுவழியில் அசட்டையாக ஓட்டுவதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவும் சேர்க்கப்படுகிறது.

வண்டி ஓட்டியவர் 18 வயது நிரம்பாதவர் எனில் சட்டத்தின் பார்வை பெற்றோர் மீது திரும்புகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பாதுகாவலருக்கோ வாகன உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தச் சிறார் 25 வயது வரை உரிமம் பெற முடியாது. பிறந்தநாளுக்கோ தேர்வு மதிப்பெண்ணுக்கோ பைக் வாங்கித் தரும் பெற்றோர் பலருக்கு இப்பிரிவு இருப்பதே தெரியாது.

நீதிமன்றங்களும் வேறு வழிகளைத் தேடியிருக்கின்றன. 2022-இல் சாகச ஓட்டி ஒருவருக்கு ஜாமீன் வழங்கிய சென்னை உயர் நீதிமன்றம், மூன்று வாரங்களுக்குத் திங்கள்தோறும் தேனாம்பேட்டை சிக்னலில் நின்று விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளை விநியோகிக்க வேண்டும் என்றும், மற்ற நாள்களில் அரசு மருத்துவமனையின் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் உதவிப் பணி செய்ய வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 மே மாதத்தில், வீலிங் வழக்கொன்றில் ஜாமீன் மறுத்தபோது, நடப்பிலுள்ள பிரிவுகள் போதுமானவையாக இல்லை என்று குறிப்பிட்டு, கடுமையான சட்டத்தை உருவாக்குமாறு மாநில அரசைக் கேட்டுக்கொண்டது. இழப்பீட்டிலும் கதவு குறுகியது: தம் அசட்டையாலேயே உயிரிழந்த ஓட்டுநரின் குடும்பத்தார் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கோர முடியாது என்ற தீர்ப்பில், ஒரு கார் விபத்து வழக்கில், தலையிட உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் மறுத்துவிட்டது.

எது பலிக்கும்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கையின்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தினர். அதிவேகம், மது, எதிர்த்தடத்தில் ஓட்டுதல், சிக்னல் மீறல், கைப்பேசி ஆகிய தலைப்புகளில் காரணங்களை வகைப்படுத்தும் அவ்வறிக்கையில் சாகசத்துக்குத் தனி இடம் இல்லை. அதனால் ஏற்படும் சாவுகள் அதிவேகக் கணக்கிலோ ‘பிற’ என்ற கணக்கிலோ கரைந்துவிடுகின்றன. காவல்துறையின் விபத்துப் பதிவில் ஒரு தலைப்பைச் சேர்ப்பது, புதிய சட்டம் இயற்றுவதைவிட எளிதான முதல் அடியாக இருக்கும்.

தண்டனையின் கடுமையைவிட, பிடிபடுவோம் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கிறது என்பது குற்றவியல் ஆய்வுகள் பலவும் வலியுறுத்தும் கருத்து. எழுந்து நிற்கும் வண்டியின் பின்புற எண் தட்டு தரையை நோக்கிச் சாய்ந்துவிடுவதால் சாலைக் கேமராவுக்கு அது எளிதில் சிக்காது. பலர் அதை முன்கூட்டியே மடக்கியோ கழற்றியோ வைத்திருக்கிறார்கள். ஆனால் பிறர் பார்ப்பதற்காகச் செய்யும் குற்றத்தில், செய்தவரே தம் முகத்தையும் வண்டியையும் இடத்தையும் பதிவுசெய்து வெளியிட்டுவிடுகிறார். நள்ளிரவில் சாலையில் துரத்துவது எல்லோருக்கும் ஆபத்து என்றிருக்க, மறுநாள் காலையில் அந்தக் காணொளியைக் கொண்டு வீட்டு வாசலுக்குச் செல்வதே பாதுகாப்பான வழி. அபராதத் தொகையை ஒரு காணொளியின் வருமானமோ அப்பாவின் பணப்பையோ ஈடுகட்டிவிடக்கூடும்; மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின் கீழ் உரிமம் பறிபோவதையும், சாகசக் காணொளி பார்வையாளர் முன்னிருந்து நீக்கப்படுவதையும் அப்படி ஈடுகட்ட முடியாது. திறமை உள்ளவர்களுக்கு நியாயமான கட்டணத்தில் திடல் நேரமும் பயிற்சியாளரும் கிடைக்கச் செய்வது இதன் மறுபாதி. கைதட்டலைத் திடலுக்குள் மட்டும் கிடைப்பதாக மாற்றாமல் அபராதத்தை எத்தனை மடங்கு உயர்த்தினாலும், அது சாகசத்தின் செலவுக் கணக்கில் மற்றொரு வரியாகவே சேரும்.