பூசணியும் அதன் வித்தும்

எம்பிலிப்பிட்டியப் பகுதியின் வெய்யிலில் விளைந்த பூசணிக்காயைச் சந்தையில் விலைகொடுத்து வாங்குகின்றோம். சதையைக் கறி சமைக்கின்றோம். வித்தைக் குப்பைக்குழியிற் கொட்டிவிடுகின்றோம். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப்புறங்களிற் பல வீடுகளில் இதுவே வழக்கம். காயின் மிகச் சத்துள்ள பகுதியே இவ்வாறு வீணாகின்றது.

பூசணி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாகக் கீழைநாடுகளுக்கு வந்த பயிர். தமிழ்நாட்டார் இதனைப் பரங்கிக்காய் என்றழைப்பது அவ்வரலாற்றுக்குச் சான்று. நமது நீற்றுப்பூசணி இதனின் வேறானது.

சதையில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 92 கிராம் நீரே உளது. மஞ்சள் நிறத்தைத் தருவது கரற்றீன் என்னும் பொருள். உடல் இதனை விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கின்றது. இச்சத்துக் குன்றினாற் குழந்தைகளுக்கு மாலைக்கண் உண்டாகும். கரற்றீன் கொழுப்பிற் கரைவது. ஆதலால் வெறும் நீரில் அவிப்பதிலும், தேங்காய்ப்பால் சேர்த்தோ வறுத்த தேங்காயை அரைத்துவிட்டோ சமைப்பதே பயன்தரும். இளங்கொழுந்தையும் இலையையும் சுண்டிக் கீரையாக உண்ணலாம்.

இனி வித்தைப் பற்றிக் கூறுவோம். தோல் நீக்கிய பருப்பு நூறு கிராமில் சுமார் 30 கிராம் புரதமும், 8 முதல் 9 மில்லிகிராம் வரை இரும்பும், 7 மில்லிகிராமுக்கு மேல் நாகமும் உள. மகனீசியம் 500 மில்லிகிராமையும் கடக்கும். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் பருப்பு, ஒன்பது கிராமளவு புரதத்தையும் இரண்டரை மில்லிகிராம் இரும்பையும் தரும். மீனும் இறைச்சியும் நாள்தோறும் வாங்கவியலாத வீட்டிற்கு இது சிறிய உதவியன்று.

கொழுந்துக்கூடையுடன் மலையேறும் பெண்ணும், விடியுமுன் இறப்பர்ப் பால் வெட்டச் செல்லும் பெண்ணும் களைப்பையும் மூச்சிரைப்பையும் வேலையின் பலனென்றே எண்ணிவிடுகின்றனர். பலரிடத்து அது குருதிச்சோகை. வித்தின் இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை என்பதையும் மறைத்தலாகாது. சோறுண்டவுடன் குடிக்கும் வெறுந்தேநீர் அதனை மேலும் தடுக்கின்றது. தேயிலை விளைவிப்போருக்கு இதனைச் சொல்வது சற்றுச் சங்கடமே. எனினும் உண்டு ஒரு மணிநேரங் கழித்துத் தேநீர் அருந்துக. உணவிற் சிறிது தேசிக்காய்ப்புளி சேர்த்தால் இரும்பு நன்கு சேரும். கர்ப்பிணிகள் சிகிச்சை நிலையத்தில் தரப்படும் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு வித்தை நம்பியிருத்தல் கூடாது.

பூசணி வித்து வயிற்றுப்புழுவைப் போக்கும் என்னும் நம்பிக்கை பழமையானது. இலங்கைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு குருதியை உறிஞ்சி மக்களை வாட்டியமையால், ராக்ஃபெல்லர் அறநிலையத்தார் 1916இல் இங்கு ஒழிப்புப் பணியைத் தொடங்கினர். இன்று நல்ல மாத்திரை உண்டு. அதனை உட்கொள்க, மலசலகூடத்தைப் பயன்படுத்துக, வித்தை உணவாக உண்க.

வித்தை நார் போகக் கழுவி வெய்யிலில் உலர்த்துக. மழைநாளில் அடுப்பின் மேற்றட்டு உதவும். சட்டியில் எண்ணெயின்றி வறுத்துத் தோல் நீக்கி, மிளகாய் தேங்காயுடன் சம்பலாக இடிக்கலாம். சிறு குழந்தைகளுக்கு மாவாக்கியே கொடுத்தல் வேண்டும்; முழு வித்து தொண்டையில் அடைக்கும். விதைப்பதற்கென மருந்து பூசிய விதையை ஒருபோதும் உண்ணற்க. கசக்கும் காயையும் அதன் வித்தையும் எறிந்துவிடுக.

லயத்துப் பின்புறத்தில் நான்கு கொடியேனும் வளர்க்க இடமுண்டு. நமது பகுதியில் மழையே இதற்குப் பகை. பூக்கும் வேளையில் மழை கொட்டினால் மகரந்தங் கரையும், தேனீயும் வாராது. நவம்பர் இறுதியில் விதைத்தால், மழை குறைந்த சனவரி, பெப்ரவரி மாதங்களிற் பூக்கும். குழியைக் கூட்டெருவால் நிரப்பி, நிலமட்டத்துக்கு மேல் மேடாக்கி, எட்டடிக்கு ஒன்றாக விதைக்க. காலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவிற் தடவிவிடின் பிஞ்சு உதிர்வது குறையும். பிஞ்சைப் பழ ஈ தீண்டாதபடி கடதாசியால் மூடுக. காயின் கீழே உலர்ந்த ஓலையை இடுக. முற்றிய காயைக் காம்பு நான்கு விரலளவு நிற்க வெட்டி, நிலத்திற் படாது பலகைமேல் வைத்தால் பல வாரங்கள் கெடாதிருக்கும்.