பெருநிறுவனத் தளத்துக்கு எந்த மென்பொருள்?

கோவையில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளத்தைப் பாருங்கள். நெல், வாழை, கரும்பு என்று பயிர்வாரியாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கங்கள் விரிகின்றன. இவ்வளவு பெரிய தளத்தை ஒரே ஆள் எழுதி முடிக்க முடியாது. பூச்சிமருந்தின் அளவை ஒருவர் எழுதினால் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அது மாறும்போது இரண்டு மொழியிலும் மாற வேண்டும். இத்தகைய வேலைக்கென்றே உருவானது உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். எழுத்தும் படமும் தரவுத்தளத்தில் இருக்கும், பக்கத்தின் தோற்றம் வார்ப்புருவில் இருக்கும். வாசகர் கேட்கும்போது இரண்டையும் சேர்த்துப் பக்கமாக்குவது மென்பொருளின் வேலை. நிரல் தெரியாதவரும் இதில் எழுதலாம்.

இவற்றில் ட்ரூபல் (2001), வேர்ட்பிரஸ் (2003), ஜூம்லா (2005) மூன்றும் திறந்த மூல மென்பொருள்கள். உரிமக் கட்டணம் கிடையாது. நிரலைப் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். இந்திய அரசின் திறந்த தரவுத் தளம் ட்ரூபலில்தான் கட்டப்பட்டது. ஆனால் 'இலவசம்' என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. பம்ப்செட் வாங்கும் கொங்கு விவசாயி விலையோடு சேர்த்து, பக்கத்து ஊரில் மெக்கானிக்கும் ஸ்பேரும் கிடைக்குமா என்றும் விசாரிப்பார். இங்கும் செலவெல்லாம் ஆள்கூலியிலும் பராமரிப்பிலும்தான்.

என் பார்வையில் முதல் சோதனை தமிழ்தான். 2010 ஜூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டித்தான் தமிழக அரசு யூனிகோடைத் தன் குறியீட்டுத் தரமாக ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகள் பல அலுவலகங்களில் இன்னும் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவற்றை மாற்றாமல் ஏற்றினால் தேடலில் எதுவும் சிக்காது.

யூனிகோடிலேயே இருந்தாலும் சிக்கல் உண்டு. இணைய முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துகளாக விரியும். 'கோயம்புத்தூர்' என்ற ஒரு சொல்லுக்கே 117 எழுத்துகள். வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரிப் பெயருக்கு 200 எழுத்துகளே ஒதுக்குகிறது. நீண்ட தமிழ்த் தலைப்பு பாதியில் வெட்டுப்படும். தேடலையும் சோதியுங்கள்: 'வாழை' என்று தேடினால் 'வாழைக்கு', 'வாழையில்' இருக்கும் பக்கங்கள் வருகின்றனவா? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் தமிழ் வேர்ச்சொல் பிரிக்கும் வசதி 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. உங்கள் மென்பொருள் அதைப் பயன்படுத்துகிறதா என்பதே கேள்வி. விற்க வருபவரின் மாதிரிப் பக்கத்தில் இதெல்லாம் தெரியாது. உங்கள் சொந்தப் பக்கங்களைக் கொடுத்துப் பாருங்கள்.

பலர் எழுதி, சிலர் ஒப்புதல் தரும் முறையும், இருமொழி வசதியும் ட்ரூபலின் மையத்திலேயே உண்டு. வேர்ட்பிரஸில் இருமொழிக்குத் தனிச் செருகி வேண்டும். ஆனால் எழுதுபவருக்கு வேர்ட்பிரஸ் சுலபம். பழகிய ஆட்களும் எளிதில் கிடைப்பார்கள். எளிய தளத்துக்கு ட்ரூபல் வீண் சுமை.

பாதுகாப்பில் மட்டும் தயவு காட்டக் கூடாது. 2014 அக்டோபர் 15 அன்று இந்திய நேரம் இரவு 9.30 அளவில் ட்ரூபல் 7இன் பெரிய ஓட்டைக்குத் திருத்தம் வெளியானது. ஏழு மணி நேரத்துக்குள் அதைப் போடாத தளங்கள் ஊடுருவப்பட்டதாகவே கருதுங்கள் என்று ட்ரூபல் பாதுகாப்புக் குழு பின்னர் அறிவித்தது. அதாவது, இங்கே விடிகாலை நாலரைக்குள். திருத்தம் உடனே, எல்லோருக்கும் கிடைத்தது. அதைப் போட ஆள் இருந்தாரா என்பதே தளத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்தது. அந்தப் பொறுப்பு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

அதே ட்ரூபல் 7க்கான ஆதரவு 2025 ஜனவரி 5இல் நின்றது. அதிலிருந்து அடுத்த பதிப்புக்கு மாறுவது பலருக்குத் தளத்தையே மறுபடி கட்டும் வேலையாக இருந்தது. ஆகவே தேர்வின்போதே நூறு பக்கங்களை, படங்களோடும் இருமொழி இணைப்புகளோடும், வெளியே எடுத்து வேறொரு மென்பொருளில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.