பூனைக்குத் தெள்ளுப்பூச்சியா? நாய் மருந்தைத் தடவாதீர்கள்!

வீட்டுப் பூனை ஓயாமல் சொறிந்தால், நாய்க்கு வாங்கிய மருந்தில் மிச்சமிருப்பதைத் தடவிவிடுவோர் உண்டு. இது பூனையின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் ‘பெர்மெத்ரின்’ என்ற இரசாயனம் உள்ளது. நாயின் உடல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. எனவே சிறிதளவு தடவினாலும் எச்சில் ஒழுகுதல், நடுக்கம், வலிப்பு ஏற்படலாம். தவறுதலாகத் தடவிவிட்டால், பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மருந்துப் பெட்டியையும் எடுத்துச் செல்வது நல்லது.

மண்ணெண்ணெய், பினாயில், பாச்சை உருண்டை ஆகியவையும் பூனைக்கு நஞ்சுதான்.

தெள்ளுதானா என்று அறிவது எப்படி?

பேன் சீப்பால் முதுகையும் வால் அடியையும் வாரி, உதிரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் வையுங்கள். அவற்றைச் சுற்றிச் செந்நிறம் பரவினால், அது செரித்த இரத்தம் கலந்த தெள்ளின் எச்சம். வாரும்போது சிக்கும் பூச்சிகளைச் சவர்க்கார நீரில் போட்டுக் கொல்லலாம்.

பூனையில் பாதி, வீட்டில் பாதி

பூனைக்கு மட்டும் மருந்து போட்டால் தெள்ளு ஒழியாது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரை இடும். அவை பூனையின் உடலிலிருந்து உதிர்ந்து பாய், மெத்தை, தரை இடுக்குகளில் தங்கிப் பொரிக்கும். கூட்டுப்புழுக்கள் பல வாரங்கள், சில வேளைகளில் மாதக்கணக்கில்கூட, கூட்டுக்குள் காத்திருக்கும். ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் உள்ள நம் நாட்டில் அவை பெருக எல்லா மாதமும் ஏற்ற மாதம்தான்.

எனவே, பூனை படுக்கும் துணிகளை வாரந்தோறும் சுடுநீரில் துவையுங்கள். தரையையும் நாற்காலி இடுக்குகளையும் பெருக்கி, குப்பையைக் கட்டி உடனே வெளியேற்றுங்கள். வீட்டிலுள்ள எல்லாப் பிராணிகளுக்கும் அதனதன் இனத்துக்கும் எடைக்கும் உரிய மருந்தை, மருத்துவர் சொல்லும் இடைவெளியில், குறைந்தது மூன்று மாதங்கள் கொடுக்க வேண்டும்.

குட்டிகளுக்குக் கூடுதல் கவனம்

தெள்ளு அதிகமானால் குட்டிகளுக்கு இரத்தச்சோகை வரும். ஈறுகள் வெளுத்துச் சோர்ந்திருந்தால் தாமதிக்கக் கூடாது. பூனை தன்னை நக்கும்போது தெள்ளை விழுங்கினால் நாடாப்புழுவும் தொற்றும். மலவாய் அருகே அரிசிமணி போன்ற துண்டுகள் ஒட்டியிருப்பது அதன் அடையாளம்.

மருந்து வாங்குமுன் பெட்டியில் ‘பூனைக்கு’ என்று உள்ளதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரைக் கேட்ட பிறகே பயன்படுத்துங்கள்.